ஜாக்கிரதையின் புது லென்ஸ்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஜாக்கிரதை’ என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் மாற்றலாகிப் போயிருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அதுதான் அவருடைய சொந்தப் பெயர் என்று நம்பி, “ஜாக்கிரதை சார், இங்க ஒரு கையெழுத்து” என்று வாய் நிறையக் கூப்பிட்டபோது அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மேஜை விளிம்பில் அவள் வைத்திருந்த தண்ணீர் டம்ளரை நடுப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.

காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் அது புகைப்படமாகி அவருடைய மேஜைக்கு வந்து சேரும். நசுங்கிய கார்கள், எரிந்த சமையலறைகள், பால்கனியிலிருந்து விழுந்த பூந்தொட்டியால் ஓட்டை விழுந்த கூரைகள். பக்கத்து மேஜைக்காரர்களும் அதே படங்களைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மதியம் நன்றாகச் சாப்பிட்டார்கள். இவருக்கு மட்டும் ஒவ்வொரு படமும் உடம்புக்குள் இறங்கிவிடும். லிஃப்டில் ஏறினால் தலைக்கு மேலே இருக்கும் கம்பிவடம் கண்ணில் தெரியும். பால்கனிக்குக் கீழே நடக்க மாட்டார். ஈரத்தரையைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் தெருமுனையிலிருந்து திரும்பிவந்த நாட்கள் கணக்கில் அடங்காது. தொடைநடுங்கி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் ஒன்று, அவர் தனக்காக மட்டும் பயந்தவர் இல்லை. தெருவில் போகிறவன் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிற மனுஷன்.

இப்படிப்பட்டவர் காட்டு மிருகங்களைப் படமெடுக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? அலுவலகத்தில் முதலில் நம்பவில்லை. “மிருகக்காட்சிசாலையில எடுத்திருப்பீங்க” என்றார் மேலாளர்.

கேமரா கைக்கு வந்ததே வேலை மூலமாகத்தான். சேதமான வண்டிகளை நேரில் போய்ப் படமெடுத்து வர அலுவலகத்தில் ஒரு கேமரா கொடுத்தார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் நசுங்கிக் கிடந்த காரைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு நாய் பின்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தது. சங்கிலி இருக்கிறதா, அறுந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. கேமரா அப்போது முகத்தோடு இருந்தது. அப்படியே திரும்பினார். வ்யூஃபைண்டரின் சின்னச் சதுரத்துக்குள் பல்லும் நாக்குமாக நாயின் முகம் நிறைந்து நின்றது. அழகாக இருக்கிறதே என்று நினைத்து ஒரு படம் எடுத்தார். வீட்டுக்காரர் ஓடிவந்து நாயைப் பிடித்துக்கொண்டு போனார். கேமராவை இறக்கிய பிறகுதான் அவருக்குப் பயமே வந்தது. காரின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பயம் எல்லாம் வெறுங்கண் வழியாகத்தான் உள்ளே வருகிறது, கேமராவுக்குள் அதற்கு வழியில்லை என்று அவருக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து பயந்தே வாழ்ந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று பயப்படாதவர்களுக்குப் புரியாது.

அதற்குப் பிறகு சொந்தமாகக் கேமரா வாங்கினார். கூடவே முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. ஜூம் கிடையாது. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும், அவ்வளவுதான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஏரிப் பறவைகளில் ஆரம்பித்து, மான்களுக்குப் போய், கடைசியில் காட்டெருமைகளில் வந்து நின்றார். அந்தக் கறுப்பும் அந்தக் கொம்பும் அவரைப் பிடித்துக்கொண்டன.

எப்போதும் மனைவியோடுதான் போவார். அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க, ஸ்டீயரிங்கை உயிரைப் போலப் பிடித்துக்கொண்டிருப்பவர்களின் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை எப்போதாவது மிதிப்பது அவள் வேலை. லாரி எதிரே வந்தால்கூடக் குரல் உயராது. “அது அது பாட்டுக்குப் போகும், நீங்க உங்க பக்கத்துல போங்க” என்பாள். இவரைக் கட்டிக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று தோழிகள் கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும். “ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர் பயப்படுறது அதிகம்டி. அந்த டிபார்ட்மெண்ட்டை அவர் பாத்துக்கறார். நான் நிம்மதியா இருக்கேன்.”

விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. காட்டில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருந்தது. பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக வந்தது. முந்நூறு லென்ஸில் காட்டெருமை தூரத்தில் நிற்கும்வரை கொம்புகள் இரண்டும் ஃப்ரேமுக்குள் அடங்கும். அது நெருங்கி வர வர முகம் பெரிதாகி, ஏதாவது ஒரு கொம்பின் நுனி ஓரத்தில் வெட்டுப்படும். வெட்டுப்பட்டதும் இனி இது படத்துக்கு ஆகாது என்று அவர் கேமராவை இறக்குவார். இறக்கினாரோ இல்லையோ, வெறுங்கண்ணுக்குப் பயம் வந்துவிடும். பேசாமல் போய் ஜீப்பில் ஏறிவிடுவார். அவர் கேமராவை இறக்குவதைப் பார்த்தால் அவளும் இருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து ஏறிக்கொள்வாள். மிருகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. கேமரா அவர் முகத்தில் இருந்தால் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருக்கலாம். இறங்கினால் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த காடு.

புது லென்ஸ் பேச்சை எடுத்ததும் அவள்தான். படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“எப்பப் பாரு மூக்கு, காது, கொம்பு. அந்த இடத்துல எவ்வளவு பெரிய மலை இருக்கு! ஒரு படத்துலயாவது மலை வந்திருக்கா?”

“இந்த லென்ஸ்ல மலை அடங்காதும்மா.”

“அப்ப அடங்குற லென்ஸா வாங்குங்க. மிருகமும் வரணும், மலையும் வரணும். இதோ பாருங்க, இந்தக் கன்னுக்குட்டி பக்கத்துல வந்ததுன்னு சொன்னீங்க. வெறும் காது மட்டும் இருக்கு. இது கன்னுக்குட்டியா, என்னோட பழைய கைப்பையா?”

அவர் ரோஷப்பட்டார். அடுத்த சனிக்கிழமை இருவரும் கேமரா கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமை நன்றாகச் சோதிக்கப்பட்டது. கண்ணாடி மேஜைமேல் இரண்டு ஜூம் லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று நூற்றைம்பதிலிருந்து அறுநூறு வரை போவது. பீரங்கி மாதிரி இருந்தது. இன்னொன்று நூறிலிருந்து நானூறு, கொஞ்சம் ஒல்லி. ஜாக்கிரதை முதலில் கேட்டது தரத்தைப் பற்றியோ கண்ணாடியைப் பற்றியோ இல்லை.

“இதை மாட்டினா எவ்வளவு தூரத்துல நிக்கலாம்?”

“எவ்வளவு தூரத்துல வேணும்னாலும் நிக்கலாம் சார். அறுநூறு எடுத்தீங்கன்னா இன்னும் தள்ளி நிக்கலாம்.”

அறுநூறை எடுத்து மாட்டிக்கொடுத்தார். ஜாக்கிரதை கடை வாசலுக்கு வந்து எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். ஏழோ எட்டோ மாடி உயரத்தில் ஒருவன் கயிற்றில் தொங்கியபடி ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். வெறுங்கண்ணால் பார்த்தபோதே அவர் ஒரு அடி பின்வாங்கினார். லென்ஸுக்குள் பார்த்தபோது ஆள் கிடுகிடுவென்று ஆடினான். கயிறு அறுகிறது என்றே நினைத்தார்.

“ஆடுது! ஆடுது!”

“அவர் ஆடலை சார், நீங்கதான் ஆடுறீங்க” என்று சொல்லி, கடைக்காரர் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளினார். “இதைப் போட்டுட்டா கை நடுக்கம் படத்துல தெரியாது.”

உண்மைதான். உள்ளே ஏதோ மெல்ல முனகியது, படம் அப்படியே நின்றுவிட்டது. துடைக்கிறவன் காற்றில் ஒட்டவைத்தது போல அசையாமல் தெரிந்தான். ஜாக்கிரதைக்கு மூச்சு சீரானது.

ஆனால் கனம். பத்து எண்ணுவதற்குள் தோள் வலித்தது.

“இதைத் தூக்கிக்கிட்டு ஓட முடியுமா?”

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஓடுற மாதிரி இடத்துக்கு ஏன் சார் போறீங்க?”

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “அவர் போன இடத்துலயெல்லாம் ஓடுற வழி எதுன்னுதாங்க முதல்ல பார்ப்பார். கல்யாண மண்டபத்துலயே பார்த்தார்.”

அதனால் ஒல்லி லென்ஸ் முன்னுக்கு வந்தது. வெளிச்சம் குறைந்தால் எப்படி, தூசி உள்ளே போகுமா, மழையில் நனைந்தால் என்ன, கீழே விழுந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜூம் வளையம் திருப்பத் திருப்ப இறுக்கமா, லேசா என்று சோதித்தார். லேசாகத்தான் இருந்தது, இரண்டு விரலால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போனது. தூரத்தில் அடுக்கடுக்காக நிற்கும் மலைகளை இதில் எடுத்தால் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருப்பது போல நெருங்கி வரும் என்று கடைக்காரர் ஒரு படத்தைக் காட்டினார். மனைவி அந்தப் படத்தைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டாள். இவர் இன்னும் தயங்கிக்கொண்டு நின்றார்.

“ஒண்ணு சொல்றேன் சார்” என்றார் கடைக்காரர். “உங்க பழைய லென்ஸ்ல மிருகம் பக்கத்துல வந்துட்டா படம் போச்சு. இதுல போகாது. அது வர வர நீங்க வளையத்தைத் திருப்பிக்கிட்டே இருங்க, ஃப்ரேமுக்குள்ளயே இருக்கும். நீங்க இருந்த இடத்தைவிட்டு நகரவே வேண்டாம்.”

நகரவே வேண்டாம் என்ற வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பால்கனியில் நின்று பழகினார். தெருக்கோடியில் பேருந்து திரும்பும்போது அதன் முகத்தை நானூறில் பிடிப்பார். அது நெருங்க நெருங்க வளையத்தைத் திருப்பிக்கொண்டே வருவார். பேருந்து வீட்டு வாசலைத் தாண்டுகிறவரை இரண்டு விளக்கும் ஃப்ரேமுக்குள் இருக்கும். ஒரு ஓரம்கூட வெட்டுப்படாது. சில நாட்களில் விரல்கள் அதைத் தானே செய்யப் பழகிவிட்டன. “பார்த்தியா, ஒண்ணுமே வெட்டலை” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். எதற்கும் திருப்திப்படாத மனுஷன் அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

மழை விட்ட மாதத்தில் ஒரு காலை, வழக்கமாகப் போகும் புல்வெளிக்குப் போனார்கள். ஜீப்பை ஓட்டியவரே வழிகாட்டியும். பழைய ஆள், இவர்களை நன்றாகத் தெரியும். கீழே இறங்க அனுமதி இருந்த ஒரே மேட்டில் வண்டியை நிறுத்தி, எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

“சத்தம் போடக் கூடாது, ஓடக் கூடாது. பக்கத்துல ஏதாவது வந்துட்டா அசையாம இருங்க. அசையாம இருந்தா அது பாட்டுக்குப் போயிடும். எழுந்து ஓடினாத்தான் துரத்தும்.”

மேட்டின் கீழே புல்வெளி சரிந்து இறங்கியது. அதற்கப்பால் மலை. காற்று மலைப்பக்கமிருந்து இவர்களை நோக்கி வீசியது, இவர்கள் வாசனை அந்தப் பக்கம் போக வழியில்லை. புல்வெளியின் மறுகோடியில் ஒற்றைக் காட்டெருமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது, கறுப்புப் புள்ளியாக. தூரம் அதிகம் என்பதால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வழிகாட்டி பின்சக்கரத்தில் ஏதோ முள் ஏறியிருக்கிறது என்று வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். மனைவி ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது என்று சரிவில் கொஞ்சம் இறங்கி, ஒரு தட்டைப் பாறையில் புல்வெளிக்கு முதுகைக் காட்டி, கணவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தலையில் பச்சைத் தொப்பி. மிருகங்களின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக, புல்லின் நிறத்திலேயே தேடிப்பிடித்து அவர் வாங்கிக்கொடுத்த தொப்பி.

ஜாக்கிரதை லென்ஸை நானூறுக்குத் திருப்பி, கறுப்புப் புள்ளியைப் பிடித்தார். நடுக்கம் தெரியாமலிருக்கும் பொத்தானைப் போட்டார். காட்டெருமை தலையைத் தூக்கியது. கொம்புகள் இரண்டும் ஃப்ரேமுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன. எடுத்தார்.

அது நடக்க ஆரம்பித்தது. இவர் பக்கமாகத்தான், நிதானமாக, வழியில் புல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு கொம்பின் நுனி ஓரத்தைத் தொட்டது. பழைய லென்ஸாக இருந்தால் அந்த இடத்தில் கேமரா இறங்கியிருக்கும். இப்போது அவர் நினைப்பதற்கு முன்பே இரண்டு விரல்கள் வளையத்தைத் திருப்பின. கொம்பு உள்ளே வந்துவிட்டது. பின்னால் மலையின் அடிவாரம் எட்டிப் பார்த்தது.

மலை! அவருக்குக் குழந்தையைப் போலக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மறுபடி நுனி ஓரத்தைத் தொட்டது, மறுபடி வளையம் திரும்பியது, இன்னும் கொஞ்சம் மலை வந்தது. காட்டெருமை அதே அளவில்தான் நின்றது. அதே கண், அதே கொம்பு, அதே ஈர மூக்கு. அதைச் சுற்றி உலகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போனது. மேகம் ஏறிய உச்சிகூட ஓரமாக உள்ளே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எடுக்க முடியாத படம் இது, இன்னும் கொஞ்சம் நேரம் இப்படியே வா என்று அதனிடம் மனதுக்குள் கெஞ்சினார். பயம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது.

வளையம் டக்கென்று நின்றது. அதற்கு மேல் திரும்பவில்லை. நூறுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் ஃப்ரேமின் கீழ் ஓரத்தில் ஏதோ பச்சையாக, மங்கலாக இருப்பதைப் பார்த்தார். புதர் போலிருந்தது. படத்தைக் கெடுக்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது. இங்கே புதர் ஏது என்று அடுத்து நினைத்தார். புதர் மெல்ல நிமிர்ந்தது. தொப்பிக்குக் கீழே ஒரு முகம். மங்கலாக இருந்தாலும் யார் முகம் என்று தெரியாமல் போகுமா?

அவள் காட்டெருமையைப் பார்க்கவில்லை. லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமராவை முகத்திலிருந்து எடுத்தார். தூரத்தில் கறுப்புப் புள்ளியாக இருந்தது இப்போது சுவர் மாதிரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. நடுவில் இரண்டு ஆள் நீளம்தான் இடைவெளி. அதன் மூச்சுப் பட்டுப் புல் அசைந்தது. இது எப்போது வந்தது, எப்படி வந்தது? கத்தக் கூடாது. கூப்பிடக் கூடாது.

அதற்குள் அவள் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, பாறையில் கை ஊன்றி, எழ ஆரம்பித்துவிட்டாள்.

ஏன் எழுகிறாள் என்று ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்தது. கேமரா இறங்கிவிட்டது. இறங்கினால் அவள் எழுந்து வண்டிக்கு வர வேண்டும். அவர்தான் எழுந்திரு என்று சொல்லிவிட்டார். காட்டெருமையின் தலை சட்டென்று தாழ்ந்தது. முன்காலால் ஒரு முறை மண்ணைப் பிறாண்டியது.

கையால் ஜாடை காட்டினால் அதுவும் பார்க்கும். வேறு எந்த வழியும் அவருக்குத் தோன்றவில்லை. கேமராவை மறுபடியும் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார்.

அவள் பாதி எழுந்த நிலையில் நின்றாள். அவரைப் பார்த்தாள். கேமரா முகத்தில் இருக்கிறது என்றால் ஒன்றுமில்லை. மெல்ல மறுபடியும் உட்கார்ந்தாள். ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜாக்கிரதை கேமராவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். கைகள் மட்டுமா, உடம்பே வெடவெடவென்று ஆடியது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. லென்ஸுக்குள் படம் ஆடவே இல்லை. அந்தப் பொத்தான் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அமைதியான மலை, அமைதியான மிருகம், அதன் காலடியில் தலைகுனிந்து ஷூ லேஸைப் பிரிக்கிற மனைவி. இறக்கினால் அவள் எழுந்துவிடுவாள். இறக்காமல் இருந்தால் நடப்பதை இதற்குள்ளேயே பார்க்க வேண்டும். இந்த நிமிஷம் அது பாய்ந்தால், கடைசி வரை நான் அவளிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே நின்றவனாவேன் என்று நினைத்தார். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை.

காட்டெருமை புஸ்ஸென்று ஒரு முறை மூச்சுவிட்டது. அவள் தோள் லேசாகக் குலுங்கியது, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி லேஸுக்குக் குனிந்தாள். மிருகம் கொம்பை ஒரு பக்கம் ஆட்டியது. பிறகு, ஏதோ அலுத்துப் போனது போல, உடம்பைத் திருப்பிக்கொண்டு சரிவின் ஓரமாக இறங்கிப் போனது. அது வளையம் எவ்வளவு திருப்பினாலும் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போகும்வரை அவர் கேமராவை இறக்கவில்லை.

வழிகாட்டி வண்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தவர், அது போவதையும் பாறையில் அவள் இருப்பதையும் ஒருசேரப் பார்த்தார். பேயறைந்த முகத்தோடு சரிவில் இறங்கி, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பாறைக்குப் பின்னால் ஈரமண்ணில் குளம்பு பதிந்திருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள். மூவரும் வண்டியில் ஏறினார்கள்.

“என்ன மேடம் நீங்க! முதுகுக்குப் பின்னாடி வந்து நிக்குது, மூச்சு சத்தம்கூடவா கேக்கலை?” என்றார் வழிகாட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

“கேட்டுச்சுங்க. திரும்பிப் பார்க்கலாம்னுதான் நினைச்சேன். இவரைப் பார்த்தேன். படம் எடுத்துக்கிட்டிருந்தார். சரி, எங்கேயோ தூரத்துல இருக்குன்னு விட்டுட்டேன்.” கணவர் பக்கம் திரும்பினாள். “நடுவுல ஒரு தடவை இறக்கினீங்களே?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் மறுபடி தூக்கினீங்க?”

“நீ எழுந்திரிச்சுட்டே. எழுந்தா பாய்ஞ்சிருக்கும். உக்காரணும்னு தூக்கினேன்.”

அவள் முகம் மலர்ந்தது. “அட! எனக்குத் தோணவே தோணாது. அந்த நேரத்துல எப்படிங்க மூளை வேலை செஞ்சது உங்களுக்கு?” அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். வழிகாட்டியும் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் அவள் சந்தோஷத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள்.

“ஆனா முதல்லயே ஏன் இறக்கலை? அது பாதி தூரம் வரும்போதே இறக்கியிருந்தா நானே வந்து வண்டியில ஏறியிருப்பேனே?”

ஜாக்கிரதை மடியில் கிடந்த லென்ஸைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரிந்த மனுஷன் இல்லை.

“அது பக்கத்துல வந்தது எனக்குத் தெரியாது” என்றார். “நான் வளையத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தேன். அது அதே அளவுலதான் இருந்துச்சு. மலை வந்துக்கிட்டிருந்தது. மலையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ அங்க உக்காந்திருக்கறதே...”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது முன் இருக்கையின் கம்பியை எட்டிப் பிடித்தாள். பிடித்த கையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பாதை ஓடையைத் தொடும் இடத்தில் நான்கைந்து மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. வழிகாட்டி வண்டியை நிறுத்தினார். பின்னால் மலை முழுசாகத் தெரிந்தது. ஜாக்கிரதை சுற்றும்முற்றும் நன்றாகப் பார்த்தார், இரண்டு முறை பார்த்தார்.

“மான்தான். ஒண்ணும் இல்லை, இறங்கலாம்” என்றார் அவளிடம்.

அவள் இறங்கவில்லை. முன் இருக்கைப் பக்கம் குனிந்தாள்.

“அண்ணா, இங்க இறங்கலாமா?”

“தாராளமா இறங்குங்க மேடம்.”

அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள். இறங்கியும் வண்டியை ஒட்டியே நின்றாள், ஒரு கை கதவின் மேல். ஜாக்கிரதை பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஓடையைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள், பின்பக்கம் திரும்பி மரங்களுக்கு நடுவே பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பயந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.